ஒரு சென்டர் கிளிப்பின் வரலாறு

ஏற்றுமதிக்குத் தேறாத ஒரு ரோஜாவிலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்க வேண்டும். ஜனவரிக் கடைசி முதல் பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் இரவு பகல் என்ற கணக்கே கிடையாது. காதலர் தினத்துக்குள் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்ச் சேர வேண்டிய பூக்கள் அவை. மொட்டு முழுதாக விரியும் முன்பே வெட்டி, காம்பின் நீளம் பார்த்துத் தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, குளிரூட்டிய வண்டியில் பெங்களூரு விமான நிலையத்துக்கு அனுப்புவார்கள். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால் இங்கே வெயில் உண்டு, ஆனால் பூவைக் கருக்கும் வெக்கை குறைவு. ரோஜா இந்த மண்ணில் ஊன்றிக்கொண்டதற்கு அதுதான் காரணம். அமுதகொண்டப்பள்ளியில் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவின் பங்கேற்போடு அமைந்த தான்ஃபிளோரா பூங்கா இந்தத் தொழிலின் பெரிய முகம். தளி, பாகலூர், கெலமங்கலம் சாலைகளின் இருபுறமும் தெரியும் வெள்ளைக் கூரைகள் சிறு விவசாயிகளுடையவை.

தரம் பிரிக்கும் மேசையில் காம்பு வளைந்தது, ஓர் இதழின் விளிம்பு கருகியது, ஒருநாள் முந்தி விரிந்துவிட்டது எல்லாம் ஓரத்துக்குத் தள்ளப்படும். அவை உள்ளூர்ச் சந்தைக்குப் போகும். அங்கேயும் விலை போகாதவை உதிரிப்பூவாகும். அப்படி உதிர்ந்த ஒரு பிடி இதழ், எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்காவின் வீட்டில், பழைய டெலிபோன் டைரக்டரியின் தாள்களுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொள்கிறது. அந்தத் தாள் வழவழப்பில்லாதது, ஈரத்தை நன்றாக உறிஞ்சும். மேலே அம்மிக்கல் ஏறும். இரண்டு வாரத்துக்கு யாரும் அதைத் தொடக்கூடாது.

அங்கிருந்து வெளிவரும் இதழ் ஒரு ரெசின் கிளிப்புக்குள் குடியேறுகிறது. சுண்டுவிரல் அகலம், நடுவிரல் நீளம், உள்ளே இரண்டு இதழ், ஓரத்தில் பொன்னிறத் தூள், பின்புறம் ஓர் இரும்புத் தகடு. ஃபேன்சி ஸ்டோரில் சென்டர் கிளிப் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அந்த வகை. எடை பத்துப் பன்னிரண்டு கிராம். இவ்வளவு சிறிய பொருளுக்குள் எத்தனை ஊர்கள் கூடியிருக்கின்றன என்று பார்க்கத் தொடங்கினால், ஓசூர் என்ற இந்தத் தொழிற்பேட்டை நகரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதைச் சுற்றி வந்து நிற்கிறது.

பூவைக் காயவைப்பதிலேயே பாதி வெற்றி தோல்வி முடிவாகிவிடும். ஈரம் துளி மிஞ்சினாலும், ரெசினுக்குள் போன இதழ் சில வாரங்களில் பழுப்பேறும். அவசரத்துக்கு சிலிக்கா ஜெல் நிரப்பிய டப்பாவில் இரண்டு மூன்று நாள் புதைத்து வைப்பதும் உண்டு. ஏற்றுமதிக்குப் பேர்போன அடர்சிவப்பு ரோஜா இந்த வேலைக்கு உதவாது. நீர் போகப் போக நிறமி செறிந்து, இதழ் கிட்டத்தட்டக் கறுத்துவிடும். இளஞ்சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சும்தான் நிற்கும்.

வெள்ளை இதழின் கதை இன்னும் விசித்திரமானது. அதன் வெண்மை நிறமியால் வருவதில்லை. செல்களுக்கு இடையில் இருக்கும் காற்றறைகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருகிறது. ரெசின் அந்த இடைவெளிகளுக்குள் புகுந்து காற்றை வெளியேற்றிவிட்டால் ஒளி சிதறாது, நேராகக் கடந்துபோகும். ஏனென்றால் ரெசினும் செல்சுவரும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைக்கின்றன. நேற்று வெள்ளையாக வைத்த இதழ் இன்று நரம்பு மட்டும் தெரியும் நிழலாகக் கிடக்கும். அதனால் வெள்ளைப் பூ என்றால் இருபுறமும் மெல்லிய ஃபெவிகால் பூச்சு கொடுத்து, அது காய்ந்த பிறகே அச்சுக்குள் வைப்பார்கள். வேலிக் காகிதப்பூவுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. பிறவியிலேயே பாதி காய்ந்தது, நிறமும் போகாது. பொக்கேக் கடைகளில் ரோஜாவுக்குத் துணையாகச் சொருகும் ஜிப்சோபிலாவும் அப்படியே. மல்லிகை சரிப்படாது, சதை அதிகம்.

இப்போது ரெசினுக்கு வருவோம். எபாக்ஸி என்ற சரக்கு எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு நேற்று வந்ததில்லை. வாகன ஆலையோ மின்னணு ஆலையோ, எதற்குள் நுழைந்தாலும் காலடியில் பளபளக்கும் சாம்பல்நிறத் தரை எபாக்ஸிப் பூச்சுதான். எண்ணெய் சிந்தினால் துடைத்துவிடலாம், தூசி கிளம்பாது. சர்க்யூட் போர்டின் பச்சைத் தகடு கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்த கலவை. மின்சார ஸ்கூட்டரின் மோட்டாரில் காந்தத்தை இடத்தில் பிடித்து வைக்கவும் இதே குடும்பத்துப் பசை பயன்படுகிறது. கிருஷ்ணகிரி கிரானைட்டுக்கும் இது தெரிந்த பொருள். குவாரியிலிருந்து வெட்டி வரும் பலகையில் மயிரிழை விரிசல்கள் இருக்கும். அதன்மேல் எபாக்ஸியைத் தடவி விரிசலுக்குள் இறங்கவிட்டு, கெட்டியான பிறகு மெருகேற்றுவார்கள். வெளிநாட்டுச் சமையலறை மேடையாகப் போய்ப் பதியும் அந்தக் கல்லின் பளபளப்பில் ரெசினுக்கும் பங்கு உண்டு.

ஆக, ஆலைத் தரையிலும் கல்லிலும் மோட்டாரிலும் டன் கணக்கில் புழங்கும் ஒரு பொருள், இரண்டு சின்னப் புட்டிகளில் அடைபட்டு, வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்திருக்கிறது. இந்தப் பயணத்தில் பொருள் மாறவில்லை. அதைக் கையாளும் முறை மட்டும் ஆலை வாசலிலேயே நின்றுவிட்டது. நான் சொல்ல வந்தது இதைத்தான். கொஞ்சம் பொறுத்து அதற்கு வருகிறேன்.

எபாக்ஸியின் பிறப்பு 1930களில். ஜெர்மனியில் பால் ஷ்லாக் 1934இல் அமீனோடு அதை இணைக்கும் வழிக்குக் காப்புரிமை கேட்டார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டான் பல்செட்டுக்கு ஏற்ற பொருளைத் தேடப்போய் இதில் வந்து நின்றார். பல்செட்டில் அது எடுபடவில்லை. உரிமையை வாங்கிய சீபா நிறுவனம் அதைப் பசையாக்கி, 1946இல் அரால்டைட் என்ற பெயரில் கண்காட்சியில் வைத்தது. உடைந்த பாத்திரப் பிடியையும் விட்டுப்போன செருப்பையும் ஒட்டுவதற்கு அப்பாக்கள் இரண்டு டியூபைப் பிதுக்கி அட்டையில் குழைப்பார்களே, அதேதான். இந்தியாவில் அந்தப் பெயர் 2020இல் பிடிலைட்டின் கைக்கு வந்தது.

இதன் மூலப்பொருள்கள் இரண்டு. ஒன்று பிஸ்ஃபினால் ஏ, மற்றது எபிகுளோரோஹைட்ரின். இரண்டும் பெரும்பாலும் கச்சா எண்ணெய் வழி வருபவை. எபிகுளோரோஹைட்ரினைச் சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம் பல ஆண்டுகள் தயாரித்தது. அதன் பங்கேற்போடு பெட்ரோ அரால்டைட் என்ற எபாக்ஸி நிறுவனமும் மணலியில் இயங்கியது. கைவினைக் கடையில் அழகான லேபிளோடு நிற்கும் புட்டிக்குப் பின்னால் இப்படிப்பட்ட புகைபோக்கிகள் இருக்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பொருளின் வம்சம் தெரிந்திருந்தால்தான் அதனிடம் நடந்துகொள்ளும் விதம் தெரியும்.

தலையில் பிசின் சூடுவதும் நமக்குப் புதிதில்லை. ராக்கொடி, ஜடைநாகம், ஜடைபில்லை என்று பொன்னிலும் வெள்ளியிலும் செய்த தலைச்சாமான்கள் பல, உள்ளே குழிவானவை. தகடு நசுங்காமலிருக்கவும் கல் அசையாமலிருக்கவும் உள்ளே அரக்கை உருக்கி நிரப்புவது நம் நாட்டுப் பொற்கொல்லர்களின் பழைய வழக்கம். அரக்கும் பிசின்தான், பூச்சி தரும் பிசின். ஜார்க்கண்டில் அது மிகுதி. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924இலேயே அரக்கு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஆனால் அரக்கைச் சூடாக்கினால் மறுபடி உருகும். தட்டார் நகையைப் பிரித்துப் பழுது பார்த்து, திரும்ப நிரப்பிக் கொடுப்பார். எபாக்ஸி அப்படி உருகாது. ஒருமுறை கெட்டியானால் கெட்டியானதுதான். இந்த ஒரு வேறுபாடு கிளிப்பின் கடைசிக் காலம் வரை கூடவே வரும்.

தகட்டுக்கும் அச்சுக்கும் பெங்களூருதான் போக வேண்டும். ஓசூரில் பூ கிடைக்கும், ரெசினும் கிடைக்க ஆரம்பித்துவிட்டது, ஆனால் நூறு நூறாகக் கிளிப் தகடு வாங்க சிக்பேட்டைச் சந்துகள்தான் கதி. முன்பெல்லாம் அத்திப்பள்ளி நெரிசலையும் எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலையும் தாண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் அரைநாள் கரைந்துவிடும். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தது. இப்போது பொம்மசந்திரா வரை பஸ், அங்கே ஏறி ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் சிக்பேட்டை நிலையத்திலேயே இறங்கலாம். கடைக்காரரிடம் கன்னடத்தில் பேரம், பக்கத்துக் கடையில் தெலுங்கில், திரும்பி வந்து வீட்டில் தமிழில் கணக்கு. மூன்று மொழியும் எல்லைக்காரர்களுக்குச் சாதாரணம்.

அச்சு சிலிக்கோனால் ஆனது, பெரும்பாலும் சீனத்திலிருந்து வருவது. தகடும் அப்படியே. செஜியாங் மாகாணத்து ஈவூ நகரத்தின் சில்லறைச் சாமான் சந்தை உலகத்தின் பாதித் தலைக்குக் கிளிப் மாட்டுகிறது என்று சொன்னாலும் பெரிய தப்பில்லை. சிலிக்கோனின் சிறப்பு, அதன்மேல் எதுவும் ஒட்டாது என்பது. அச்சின் உட்புறம் பளபளத்தால் கிளிப்பும் பளபளக்கும், மங்கினால் கிளிப்பும் மங்கும். வார்க்க வார்க்க ரெசின் அதன் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். பத்துப் பதினைந்து முறைக்கு மேல் மங்கத் தொடங்கும் அச்சுகளும் உண்டு, ஐம்பது தாண்டுபவையும் உண்டு. ஓசூரிலேயே பெரிய நகை ஆலை இருக்கிறது. நகை வார்ப்பிலும் இதே சங்கதிதான், ரப்பர் அச்சுக்குள் மெழுகைச் செலுத்தி மாதிரி எடுப்பார்கள். அந்த வேலை தெரிந்த ஒருவர் கிளிப் வார்ப்பதைப் பார்த்தால் பாதி புரிந்துவிடும்.

இனி வார்ப்பு. அக்கா எப்போதும் காலையில்தான் உட்காருவார். முதலில் தராசு, சமையலறைத் தராசு போதாது, பத்தில் ஒரு கிராம் காட்டுவது வேண்டும். ஏ புட்டி ரெசின், பி புட்டி ஹார்டனர். ஒரு கம்பெனிச் சரக்குக்கு மூன்று பங்குக்கு ஒன்று, இன்னொன்றுக்கு இரண்டுக்கு ஒன்று. புட்டியில் எடைக்கணக்கு போட்டிருந்தால் எடையால், அளவுக்கணக்கு போட்டிருந்தால் அளவால். இரண்டையும் குழப்பக்கூடாது, ஹார்டனர் ரெசினைவிட லேசானது. சீக்கிரம் கெட்டியாகட்டும் என்று ஹார்டனரைக் கூட ஊற்றுவது புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. ரெசின் மூலக்கூறில் எத்தனை எபாக்சைடு வளையம் உண்டோ அத்தனைக்குத்தான் ஹார்டனரின் ஹைட்ரஜன் வேண்டும். இணை கிடைக்காமல் மிஞ்சியது உள்ளேயே தங்கி, கிளிப்பைக் குழகுழவென்று ஆக்கிவிடும். எத்தனை நாள் வைத்தாலும் அது இறுகாது.

ஐஸ் குச்சியால் மெதுவாக, கிண்ணத்தின் சுவரையும் அடியையும் வழித்து வழித்து, மூன்று முதல் ஐந்து நிமிஷம் கலக்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழி நிறையும். முதலில் புகைக்கோடுகள் தெரியும், கலக்கக் கலக்க அவை மறைந்து கலவை தெளியும். அதற்குப் பிறகு கிண்ணத்தில் அதிக நேரம் வைத்திருக்கக்கூடாது. இந்த வினை வெப்பம் விடுவது. மெல்லிய அச்சில் பரவிக் கிடந்தால் சூடு வெளியேறிவிடும். நூறு கிராம் ஒரே கிண்ணத்தில் குவிந்து கிடந்தால் சூடு சூட்டைக் கிளப்பி, கைபட முடியாமல் கொதித்து, புகைந்து, பிளாஸ்டிக் கிண்ணமே நெளியும். சூடு பத்து டிகிரி கூடினால் கைவசம் இருக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும்.

இங்கேதான் மாவட்டத்தின் மேடுபள்ளம் கணக்கில் வருகிறது. கிருஷ்ணகிரி தாழ்வான ஊர், சூளகிரி வழியாக ஏறித்தான் ஓசூர். ஏப்ரலில் கிருஷ்ணகிரியில் கலக்கினால் அச்சை நிரப்பி முடிப்பதற்குள் அதிரசப் பாகு பதம் வந்துவிடும். அதே புட்டி மார்கழியில் ஓசூரில் தேன்கட்டியாக நிற்கும், குமிழி மேலே வராமல் சிக்கிக்கொள்ளும். புட்டியை வெந்நீர்க் கிண்ணத்தில் சற்று நேரம் நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மழைநாளில் இன்னொரு தொல்லை. ஹார்டனரில் இருக்கும் அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே பிசுபிசுப்பான படலம் கட்டும். சோப்புத் தண்ணீரில் கழுவினால் போகும், ஆனால் கழுவாமல் அடுத்த அடுக்கை ஊற்றினால் இரண்டும் ஒட்டாது.

அச்சில் பாதி உயரத்துக்கு முதல் ஊற்று. அது கொஞ்சம் இறுகி, தொட்டால் ஒட்டும் நிலையில் இதழை வைத்து, பல்குத்தும் குச்சியால் நகர்த்தி இடம் பார்ப்பார். பிறகு மேல் ஊற்று. ஒரே தடவையில் ஊற்றினால் இதழ் மிதந்து ஓரத்துக்குப் போய்விடும். குமிழிகளைக் குச்சியால் குத்தி, ஒரு கணம் லைட்டர் சுடரைத் தூரத்தில் காட்டி விரட்டிவிட்டு, தூசி விழாமல் தாம்பாளத்தால் மூடுவார். மறுநாள் மாலை வரை திறக்கக்கூடாது. உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவர் அடிக்கடி சொல்வது: "அவசரப்படாதம்மா. இன்னிக்குக் கழட்டினா விரல்ரேகை விழுந்திடும், நாளைக்குக் கழட்டினா கண்ணாடி." முழு உறுதிக்கு ஒரு வாரம் ஆகும்.

ஓரத்தில் மின்னும் பொன்னிறத் தூளைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அது தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. மைக்கா என்னும் அபிரகத்தின் மெல்லிய செதில்மேல் டைட்டானியம் ஆக்சைடு பூசியது. பூச்சின் தடிமனைப் பொறுத்து பொன்னாகவும் நீலமாகவும் தெரியும். இந்தியாவின் பேர்போன அபிரகப் பகுதி ஜார்க்கண்டின் கோடர்மா, 1994 வரை ஹசாரிபாக் மாவட்டத்தோடு இருந்தது. அங்கே கைவிடப்பட்ட சுரங்கங்களில் பிள்ளைகள் அபிரகச் சில் பொறுக்குவது உலகறிந்த கொடுமை. அதைச் சரிசெய்யவே 2017இல் பாரிஸில் பொறுப்புள்ள மைக்கா முன்னெடுப்பு என்ற அமைப்பு உருவானது. 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ், ஓசூர் அருகே ஐபோன் பாகம் செய்யும் ஆலையில் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் ஆறாயிரம் பேர் வேலை செய்வதாகச் சொன்னார். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ஃபேன்சி ஸ்டோர் வாசலில் நிற்கும் அந்தப் பெண்களைப் பார்க்கிறேன். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் கிளிப்பின் மினுமினுப்பு அவர்கள் ஊர்ப் பக்கத்து மண்ணிலிருந்தே வந்ததாகவும் இருக்கலாம்.

இப்போது கைகளுக்கு வருகிறேன். அக்கா கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் ஓர் ஆலையில் அசெம்பிளி வேலை பார்த்தவர். அங்கே பசை தொடும் மேசையில் கையுறை இல்லாமல் உட்கார விடமாட்டார்கள், தலைக்குமேல் புகை உறிஞ்சும் குழாய் உண்டு, எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று சுவரில் தமிழிலேயே எழுதி ஒட்டியிருக்கும் என்று அவரே சொல்வார். வீட்டுக்கு ரெசின் வந்தபோது அந்த ஒழுங்கு எதுவும் கூட வரவில்லை. புட்டி மேல் நச்சற்றது என்று எழுதியிருந்தது. முதலில் வெறுங்கை, பிறகு மருந்துக்கடையில் கிடைத்த ரப்பர் கையுறை. சில மாதங்களில் விரலிடுக்கில் அரிப்பு வந்தது. பாத்திரம் கழுவும் சோப்பாக இருக்கும் என்று அதை மாற்றிப் பார்த்தார். அப்புறம் கண்ணிமை வீங்கியது. தோல் மருத்துவர் ஒருவர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது.

கெட்டியாகாத எபாக்ஸி, தொழில்வழி வரும் தோல் ஒவ்வாமைக்கு மிக முக்கியமான காரணங்களில் ஒன்று. ஆலைகளுக்கு இது பல பத்தாண்டுகளாகத் தெரியும். முதல் நாளே ஒன்றும் செய்யாது, அதுதான் ஆபத்து. தோல் வழியே சிறிது சிறிதாக உள்ளே போய், ஒருநாள் உடல் அதைப் பகையாகப் பதிந்துகொள்ளும். பதிந்துவிட்டால் அழியாது. அதற்குப் பிறகு துளி பட்டாலும், சிலருக்கு ஆவி பட்டாலும், கொப்புளம் வரும். சாதாரண ரப்பர் கையுறை எபாக்ஸியைத் தடுக்காது, நைட்ரைல் கையுறை வேண்டும், அதுவும் ரெசின் பட்டவுடன் கழற்றிப் புதிது மாட்ட வேண்டும். கையில் ஒட்டியதை ஸ்பிரிட்டும் தின்னரும் போட்டுத் துடைக்கவே கூடாது. அவை ரெசினைக் கரைத்துத் தோலுக்குள் இன்னும் இறக்கும். சோப்புத் தண்ணீர் போதும். நச்சற்றது என்று புட்டியில் எழுதுவது பெரும்பாலும் கெட்டியான பிறகான நிலையைப் பற்றிய பேச்சு. கலக்கும் கைக்கு அது பொருந்தாது.

நக அலங்கார விளக்கைக் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் இறுகும் யூவி ரெசின் இப்போது இன்னும் வேகமாகப் பரவுகிறது. அது எபாக்ஸி இல்லை, அக்ரிலேட் வகை. அதற்கும் ஒவ்வாமை வரும். 2018இல் பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம், ஜெல் நகப்பூச்சு அக்ரிலேட்டுகளால் ஒவ்வாமை பெருகுவதாக எச்சரித்தது. ஒருமுறை வந்துவிட்டால் பின்னாளில் பல் அடைப்பதும் மூட்டு அறுவைச் சிகிச்சையில் சிமெண்ட் வைப்பதும் சிக்கலாகலாம், அவற்றிலும் இதே வகைப் பொருள்தான். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறைப் பயிற்சியாக இதை வெறுங்கையோடு சொல்லிக்கொடுக்கும் இடங்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

உப்புத்தாள் போடுவதும் அப்படித்தான். கிளிப்பின் விளிம்பைத் தேய்க்கும்போது கிளம்பும் வெள்ளைத்தூள் மூக்குக்குள் போகும். முழுதாக இறுகாத கிளிப்பாக இருந்தால் தூளில் வினை முடியாத ரெசினும் இருக்கும். தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. நானூறு எண் தாளில் தொடங்கி மூவாயிரம் வரை படிப்படியாகப் போனால் மெருகும் வரும். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஒரு பெட்டி நைட்ரைல் கையுறை, ஒரு முகக்கவசம், திறந்த ஜன்னல், சோறு சாப்பிடாத ஒரு தனி மேசை, அவ்வளவுதான். தெரியாமல் போவதுதான் செலவு.

தெரியவைக்க வழி இந்த மண்ணிலேயே இருக்கிறது. 1989இல், ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான், ஐஃபாட் என்ற பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழக அரசு மகளிர் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது. மாதம் ஒருமுறை பாயில் உட்கார்ந்து கணக்கு எழுதப் பழகிய பெண்களின் மகள்கள் இன்று ரெசின் வார்க்கிறார்கள். குழுக் கூட்டத்தில் கடன் பேசும் அதே பாயில் கையுறையைப் பற்றியும் பேசலாம். சுற்றிலும் இத்தனை ஆலைகள், ஒவ்வொன்றிலும் பாதுகாப்பு அலுவலர்கள். மாதத்தில் ஒரு மணி நேரம் அவர்களில் ஒருவர் ஒரு குழுவுக்கு வந்து, தங்கள் ஆலைச் சுவரில் ஒட்டியிருப்பதைப் படித்துக் காட்டினாலே போதும்.

அக்கா இப்போது கலக்குவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கையுறையோடு கலக்கி ஊற்றுகிறாள், அக்கா அடுத்த அறையில் பூ காயவைத்து, அச்சுக்கு இதழ் தேர்ந்தெடுத்து, முழுதாக இறுகிய கிளிப்பை மட்டும் கையில் எடுக்கிறார். தொழிலை விடச் சொல்லி வீட்டில் சொன்னார்கள். அவர் விடவில்லை. உதிரிக்குப் போயிருக்கும் ஓர் இதழை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நரம்போட்டம் பார்ப்பதில் அவருக்கு இருக்கும் சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன்.

விற்பனை பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும்தான், மீதி ஒன்றிரண்டு ஃபேன்சி ஸ்டோர்களில். வாங்குகிறவர்கள் விலை கேட்டதும் பக்கத்தில் தொங்கும் பிளாஸ்டிக் கிளிப்பைக் காட்டுவார்கள். அது அச்சு இயந்திரத்தில் நிமிஷத்துக்குப் பல விழுவது. இதில் இரண்டு வாரம் பூவுக்கு, இரண்டு நாள் ரெசினுக்கு, ஒரு வாரம் உறுதிக்கு. காத்திருக்கும் நேரத்துக்கு யாரும் கூலி போடுவதில்லை, செய்கிறவர்களே போடுவதில்லை. போட வேண்டும் என்பது என் கட்சி.

வாங்கியவளோடு கிளிப் வேலைக்குப் போகிறது. பல ஆலைகளில் முடியை முழுக்க மூடும் தொப்பி கட்டாயம். அதனால் ஷிஃப்ட் நேரத்தில் பாதி வாழ்நாளை அது லாக்கரில் கழிக்கும், இல்லையென்றால் தொப்பிக்குள். வெயில்தான் அதற்குப் பெரிய எதிரி. சாதாரண வெப்பத்தில் இறுகிய கைவினை ரெசின், ஐம்பது அறுபது டிகிரிச் சூட்டில் இளகி வளையும். நிறுத்தி வைத்த ஸ்கூட்டரின் பெட்டிக்குள் மே மாத மத்தியானம் அந்தச் சூடு சர்வசாதாரணம். வளைந்ததை வெந்நீரில் காட்டி, சமதளத்தில் அழுத்தி ஆறவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். ஆனால் உருகி வேறொன்றாக மாறாது. வருஷக்கணக்கில் ஒளி படப்படச் சற்று மஞ்சள் பாயும், அதற்கு மருந்தில்லை.

முதலில் போவது எப்போதும் தகடுதான். எண்ணெய்த் தலையும் வியர்வையும் பட்டுப் பூச்சு உரியும், துரு ஏறும், ஸ்பிரிங் தளரும். நிக்கல் ஆகாத தோலுக்கு அந்தப் பூச்சே அரிப்பு தரும் என்பதால், கேட்டால் எஃகுத் தகடும் மாட்டித் தருகிறார்கள். கிளிப்பின் உடம்பு மட்டும் அப்படியே இருக்கும். மக்காது, மறுசுழற்சிக்கும் போகாது. இந்தப் பொருளை ஏற்றுக்கொள்ளும்போது இந்தப் பாரத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறோம். அதனால் தூக்கிப் போடாமல் திருப்பிக் கொண்டுவரச் சொல்வது அக்காவின் வழக்கம். பழைய தகட்டை நெம்பி எடுத்து, அந்த இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, புதிய தகட்டை இரண்டு கிராம் ரெசினில் பதித்து, ஒருநாள் கழித்துத் தருவார்கள். கூலி வாங்குவதில்லை, தகட்டு விலை மட்டும்.